காது மட்டும் இன்னும்

முகம் கோணிப்போன கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் வாயிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு அது காதில் தொடங்கியது; இன்னும் காதில்தான் நிற்கிறது. முகம் இடையில் வந்துபோனது.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. ஜும்ஆவுக்காக அதிபரிடம் சொல்லிக்கொண்டு வெல்லாவெளியிலிருந்து புறப்பட்டேன். பட்டிருப்புப் பாலத்தை நெருங்கும்போது இடது காதின் பின்புறத்தில், எலும்பு மேடாக இருக்கிற இடத்தில், யாரோ பெருவிரலால் அமுக்கிப் பிடித்தது போல ஒரு நோவு. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். குறையவில்லை. அன்று இரவும் மறுநாளும் அப்படியே இருந்தது. ஞாயிறு ஸுபஹுக்கு வுழூ எடுக்க வாயில் தண்ணீர் அள்ளினேன். கொப்பளிப்பதற்கு முன்னரே இடப்பக்கக் கடைவாயால் அது வழிந்து சட்டையை நனைத்தது. இரண்டாம் தடவையும் வழிந்தது. உம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மனே, உன்ட வாய் எங்க போகுது?” என்று கேட்டா.

நான் மருதமுனைக்காரன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் தமிழ் படித்து வெளியேறி, ஊரூராகச் சுற்றிப் படுவான்கரைக்கு வந்தவன். கிழமை நாட்களில் வெல்லாவெளியில் ஆசிரியர் விடுதியில் இருப்பேன்; சனி ஞாயிறில் கடலோரத்தில் வீட்டில். என் வாப்பாவின் தலைமுறையில் எங்களூர்ச் சாரன் வியாபாரிகள் தோளில் மூட்டையோடு வாவியைத் தாண்டிப் போய் வருவார்கள். 1990க்குப் பிறகு அந்தப் போக்குவரத்து அறுந்து கிடந்தது. வெல்லாவெளியில் என்னோடு முதலில் சிநேகமான ஆச்சி ஒருவர், “உங்கட ஊர்ச் சாரன் சாயம் போகாது சேர்” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அவர் பின்னால் வருவார்.

அன்று காலையே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டில் எல்லோருக்கும் பாரிசவாதம் என்ற பயம். கடமையிலிருந்த இளம் வைத்தியர் என் கையையும் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “புருவத்தை மேல தூக்குங்க” என்றார். வலது புருவம் ஏறியது. இடது புருவம் அசையவில்லை. நெற்றியின் இடது பாதி சுருக்கமில்லாமல் வாழைத்தண்டு போலக் கிடந்தது. “அப்ப இது மூளையில்ல” என்றார். நெற்றியின் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே பாரிசவாதத்தில் பெரும்பாலும் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் பழுது கீழே, நரம்பிலேயே இருக்கிறது. ஓர் புருவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு தங்கியிருக்கிறது.

ஏழாவது மண்டை நரம்பு என்கிறார்கள் அதை. மூளையிலிருந்து புறப்பட்டு, காதுக்குள்ளால், எலும்பில் குடைந்த ஒரு வாய்க்காலில் வந்து, காதின் கீழே வெளிப்பட்டு முகத்தில் விரிகிறது. வாய்க்காலின் மிக ஒடுங்கிய இடம் ஒரு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லை. நரம்பு வீங்கினால் எலும்பு விலகிக் கொடுக்காது. தன் வீக்கத்தாலேயே நரம்பு நசிகிறது. முகம் விழுவதற்கு முன்னமே காதடி நோவது அதனால்தான். வீங்கியதற்குக் காரணம் தெரியாவிட்டால் அதற்கு பெல் வாதம் என்று பெயர். முக நரம்பைப் பற்றி 1821இல் லண்டன் ரோயல் சொசைற்றியில் கட்டுரை படித்த சார்ள்ஸ் பெல்லின் பெயர் அது.

என்னுடையதற்குக் காரணம் மூன்றாம் நாள் தெரிந்தது. செவிமடலின் குழிக்குள் கடுகு கடுகாகக் கொப்புளங்கள். சிறுவயதில் கொப்புளிப்பான் வந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் சாகாமல் படுத்துக்கிடக்கும். பல ஆண்டுகள் கழித்து எழும்பினால் நாம் அக்கி என்கிறோம். அக்கி முக நரம்பின் முடிச்சில் எழும்பினால் காதில் கொப்புளமும் முகத்தில் வாதமும் சேர்ந்து வரும். 1907இல் இதை விவரித்து எழுதிய அமெரிக்க வைத்தியர் ராம்சே ஹண்டின் பெயரில் வழங்குகிறது. 2022இல் கனடாப் பாடகர் ஜஸ்ரின் பீபருக்கு வந்ததும் இதுதான். அவர் அசையாத முகத்தைப் படம்பிடித்துக் காட்டிக் கச்சேரிகளை நிறுத்தினார். இந்த விபரம் எனக்கு வைத்தியர் சொல்லித் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லித் தெரிந்தது. “சேருக்குப் பெரிய ஆக்கள்ர வருத்தம்” என்று ஒருத்தி சொன்னாள்.

பிரெட்னிசோலோனும், ஒரு நாளைக்கு ஐந்து வேளை அசிக்ளோவிரும் தந்தார்கள். இரவில் இடது கண் மூடாது என்பதால் கண்ணுக்கு மருந்து பூசி இமையை ஒட்டிவிட வேண்டும். சாதாரண பெல் வாதம் என்றால் நம்பிக்கை அதிகம். 2007இல் வெளிவந்த ஸ்கொட்லாந்து ஆய்வில், முதல் 72 மணித்தியாலத்துக்குள் பிரெட்னிசோலோன் தொடங்கியவர்களில் 94.4 வீதமானோர் ஒன்பது மாதத்தில் முற்றாகக் குணமடைந்திருந்தார்கள். அது இல்லாதவர்களில் 81.6 வீதம். ராம்சே ஹண்ட் அவ்வளவு தாராளமில்லை. 1997இல் ஜப்பானிய வைத்தியர்கள் 80 பேரைப் பார்த்து எழுதியதில், மூன்று நாளைக்குள் இரண்டு மருந்தும் கிடைத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முழுக்கத் தேறினார்கள். ஏழு நாள் தாண்டியவர்களில் பத்துக்கு மூன்று. நான் முதல் வகுப்பில் சேர்ந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். ஒருவர் பேய் அறைந்தது என்றார். எந்தக் கையால் அறைந்தது என்பதிலும் வந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இடக் கன்னம் என்பதால் வலக்கை என்று முடிவாயிற்று. மாமி கருஞ்சீரகமும் தேனும் கொண்டுவந்தா. வெல்லாவெளி ஆச்சி தன் பேரனோடு பஸ் ஏறி வந்து, “கச்சான் காத்துல மோட்டச்சைக்கிள்ள ஓடிப் போட்டு, மறுகா தலையில தண்ணிய ஊத்தினா முகம் கோணாம என்ன செய்யும்?” என்று ஏசிவிட்டு, உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் பிடிக்கச் சொன்னார். காதுக்குள் எண்ணெய் விடச் சொன்னவர்களை மனைவி வாசலோடு அனுப்பினாள்.

காற்றுக் கதையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அரபு மருத்துவத்தில் இதற்கு ‘லக்வா’ என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அர்-ராஸி ‘அல்-ஹாவி’யில் லக்வாவைப் பற்றி எழுதும்போது நெற்றிச் சுருக்கம் அழிந்துபோவதையும் குறித்திருக்கிறார், மூளையிலிருந்து வருவதையும் மற்றதையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். அந்த இளம் வைத்தியர் என் புருவத்தில் தேடியதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தேடியிருக்கிறார். நமது மேடைகளில் ராஸியின் பெயரைப் பெருமைக்காகச் சொல்கிறோம். அவர் என்ன கண்டார் என்று சொல்கிறவர் குறைவு.

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு முகவாதம் வந்தால் முதலில் பறிபோவது பகரமும் மகரமும். இரண்டு உதடும் பொருந்தினால்தான் அவை பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலை வைத்து இருபது வருடமாகப் படிப்பித்திருக்கிறேன். கரும்பலகையில் உதட்டுப் படம் வரைந்துமிருக்கிறேன். இப்போது ‘பாடம்’ என்றால் காற்றுத்தான் போனது. மருதமுனை, படுவான்கரை என்று என் இரண்டு ஊரும் வாயிலிருந்து நழுவின. ‘தேத்தண்ணி’ கேட்க உதடு வேண்டாம். ‘பிளேன்ரீ’ கேட்க வேண்டும். ராத்தா, காக்கா, சாச்சி எல்லோரையும் கூப்பிடலாம். உம்மாவையும் வாப்பாவையும் கூப்பிட முடியாது.

உதடு ஒட்டாமல் பாடும் செய்யுளுக்கு நிரோட்டகம் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்று ஒரு நூலே செய்திருக்கிறார். கலாசாலையில் அதைப் படித்தபோது புலவர்களுக்கு வேலையில்லை என்று பின்வாங்கில் இருந்து சிரித்தோம். இப்போது நாள் முழுவதும் நிரோட்டகமாகப் பேச வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தொழுகையில் பிஸ்மி சொல்லும்போது முதலெழுத்திலேயே தடுக்கும். விரலால் இடக்கடைவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சொல்வேன். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கவனித்தேன்: ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ சொல்ல உதடு தேவையே இல்லை. ஒரு எழுத்தும் உதட்டில் பிறப்பதில்லை. பெரியவர்கள் முன்பே சொல்லிவைத்த விஷயம்தான். காதால் கேட்டிருந்தேன், வாயால் அன்றுதான் தெரிந்தது. முழுக் கலிமாவில் ‘முஹம்மத்’ என்ற இடத்தில் மறுபடி விரல் வேண்டியிருந்தது.

ஏழாம் கிழமை கன்னத்தில் ஒரு துடிப்பு வந்தது. சிதைந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளருமாம், நெல்லைவிடச் சோம்பேறி. செப்டெம்பர் கடைசியில் கண் மூடியது, வாய் நிமிர்ந்தது, பகரமும் மகரமும் திரும்பின. உம்மா பள்ளிக்குக் கந்தூரிச் சோறு நேர்ந்து கொடுத்தா. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்துத் திருப்தியோடு போனார்கள்.

காது நோவு போகவில்லை.

முதலில் அது முகத்தோடு சேர்ந்த நோவாக இருந்தது. முகம் பிரிந்துபோன பின்னர் தனியாக நின்றது. பகலில் மந்தமாக எரியும். இரவில் செவிக்குழிக்குள் ஊசி ஏற்றியது போல இரண்டு மூன்று முறை வெட்டும். இடப்பக்கம் தலையணையில் படாது. ஹெல்மெட் போட்டால் மடல் மடங்கி உயிர் போகும். ஸுஜூதில் தலை தாழும்போது இரத்தம் முழுவதும் அந்த இடத்தில் வந்து தேங்குவது போலிருக்கும். கூடவே வீக்கம். பல் பிடுங்க ஊசி போட்டது போல அந்தப் பக்கம் முழுவதும் தடித்துக் கிடக்கும் உணர்ச்சி. கண்ணாடியில் பார்த்தால் தடிப்பு இல்லை. தையல்கார மச்சானின் அளவு நாடாவால் இரண்டு காதையும் அளந்தும் பார்த்தேன். அளவு ஒன்றுதான்.

லீவு நீடிக்கக் கேட்டுப் போன இடத்தில் ஓர் உத்தியோகத்தர் கடிதத்தை வாசிக்காமல் என் முகத்தை வாசித்தார். “எல்லாம் நேராயிட்டே சேர்” என்றார். நோகிறது என்றேன். “நோவ நான் எங்கண்டு பார்க்கிற?” என்றார். கேள்வியில் பிழை சொல்ல முடியாது. கோணிய முகம் தனக்குத் தானே சான்றிதழ். வழியில் பார்த்தவர்கூட இறங்கி நின்று துஆக் கேட்டுவிட்டுப் போனார். காதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. சுகப்பட்டவன் என்று ஊர் தீர்மானித்த பிறகு நோகிறவன் நன்றிகெட்டவன் போல ஆகிவிடுகிறான். அல்லாஹ் தந்த சுகத்தைக் குறை சொல்கிறான் என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார்.

ஆகவே பாடசாலைக்குத் திரும்பினேன். தூசுக்காகவும் கொஞ்சம் வெட்கத்துக்காகவும் முகக்கவசம் கட்டிக்கொண்டு போனேன். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். எட்டாம் வகுப்பில் ஒருவன் என்னைப் பார்த்து, “சேர் மண்டூர்க் கப்புகனார் மாதிரி” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நோவு எடுத்தது.

சிரிப்பைவிடச் சத்தம் கொடுமை. நடுக்காதில் ஏந்தியுரு என்ற எலும்பு இருக்கிறது, உடலிலேயே மிகச் சிறியது. பெரிய சத்தம் வரும்போது அதைப் பிடித்து அடக்குகிற தசையும் அவ்வாறே மிகச் சிறியது. அந்தத் தசைக்கும் கட்டளை போவது இதே ஏழாவது நரம்பால்தான். தசை தளர்ந்தால் சத்தம் கடிவாளமில்லாமல் உள்ளே வரும். பாடவேளை மணி அடிக்கும்போது மேசையைப் பிடித்துக்கொள்வேன். இரவில், வயலுக்குள் யானை இறங்கிவிட்டால் ஊரார் யானை வெடி கொளுத்துவார்கள். வெல்லாவெளிப் பக்கத்தில் வேளாண்மைக் காலத்தில் அது தாலாட்டு மாதிரி. எல்லோரும் புரண்டு படுப்பார்கள். நான் எழும்பி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வெடிக்காகக் காத்திருப்பேன். யானையும் எங்கோ அப்படித்தான் நின்றிருக்கும்.

எட்டாம் வகுப்பில் இடப்பக்கக் கடைசி வாங்கில் தனியாக இருக்கிற பையன் ஒருவன். வலது காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். சீழ் மணம் என்று யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. ஒரு நாள் மணி அடித்து நான் மேசையைப் பிடித்தபோது அவன் மட்டும் எழுந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “சேருக்கும் காதா?” என்றான். ஆம் என்றேன். “எந்தப் பக்கம் படுக்கிற?” என்று கேட்டான். நான்கு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. வைத்தியர்களும் அதைக் கேட்கவில்லை.

நவம்பரில் உண்மையான வீக்கம் ஒன்று தட்டுப்பட்டது. காதுச் சோணைக்குக் கீழே, தாடை முடியுமிடத்தில், வேப்பங்கொட்டை அளவில் கட்டி. தொட்டால் உருண்டது. அதற்குள் நான் கொஞ்சம் வாசித்து வைத்திருந்தேன். ஆசிரியர்களின் வியாதி அது. முக நரம்பு முகத்தில் விரிவதற்கு முன் காதின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளால் போகிறது. அந்தச் சுரப்பியில் வளரும் கெட்ட கட்டியும் முகத்தை விழுத்தும். நரம்பு தேறிய பிறகும் நோவு நின்றால், கட்டி தெரிந்தால், கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் சொல்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனேன். ஸ்கான் செய்தார்கள்; மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். அறிக்கைக்கு இரண்டு கிழமை.

அந்த இரண்டு கிழமையில் மனைவிக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரு கொப்பித்தாளில் கணக்கெழுதினேன். கூட்டுறவுச் சங்கக் கடன், மச்சானுக்குத் தரவேண்டிய சீமெந்துக் காசு, நண்பர்களிடம் இரவல் வாங்கிய மூன்று நூல்கள், நான் இரவல் கொடுத்துத் திரும்பாத பதினொன்று. மூத்த மகளுக்கு உயர்தரம் முடிய இன்னும் இரண்டு வருடம். வஸிய்யத் என்று தலைப்புப் போடக் கை வரவில்லை. ‘விபரம்’ என்று போட்டேன். முகம் கோணியிருந்த நாட்களில் இந்தப் பயம் வரவில்லை. வீடு நிறைய ஆள் இருந்தது அப்போது.

அறிக்கை நல்லபடியாக வந்தது. நிணநீர் முடிச்சு, வேறில்லை. காது அழற்சியின் மிச்சம். நோவைப் பற்றி அந்த வைத்தியர்தான் முதல்முதலாக இருந்து பேசினார். “நோவை அறிவிக்கிற நரம்பே காயப்பட்டிருக்கு. காயம் ஆறினாலும் அது கொஞ்ச காலம் அறிவிச்சுக்கொண்டே இருக்கும். நீங்க பொய் சொல்லல்ல; நரம்புதான் பொய் சொல்லுது” என்றார். அக்கிக்குப் பின் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் நோவுக்குத் தனிப் பெயரே உண்டாம். வயது ஏற ஏற அது நிற்கும் வாய்ப்புக் கூடுமாம். இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மருந்துக்கடைத் தம்பி பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது யோசனைக்காரருக்குக் குடுக்கிற குளிசையல்லவா மாஸ்டர்?” என்றான். இரண்டுக்கும் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். நோவுக்குக் கொடுப்பது குறைந்த அளவு. மாலைக்குள் செய்தி ஊரில் பாதிக்குப் போயிருந்தது. வாய் உலரும், முதற்பாடவேளை வரை தூக்கம் கலையாது. ஆனால் மூன்றாம் கிழமை ஓர் இரவு முழுக்கத் தூங்கினேன்.

அந்தக் காத்திருக்கும் அறையில்தான் பையனின் நினைவு வந்தது. வருடக்கணக்கில் சீழ் வடியும் காதில் பெரிதாக நோவு இருக்காது. அதனால் வீட்டில் விட்டுவிடுவார்கள். உள்ளே அது எலும்பை அரித்தால் பக்கத்து வாய்க்காலில் போகும் நரம்பையும் தொடும், மூளையையும் தொடும். அவன் தாயிடம் பேச ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். அறுவடைக் கூலிக்குப் போகிறவர். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். “காது சீழ் எல்லாருக்கும் வாறதுதானே சேர்” என்றார். ஆச்சி என் முகத்தைக் காட்டி, “இஞ்ச பார் புள்ள, சேருக்கு வந்தத” என்றார். முகத்தில் அப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் அது வேலை செய்தது.

செவிப்பறையில் ஓட்டை. நல்லவேளை, எலும்பு அரிக்கவில்லை. துளி மருந்து கொடுத்து, காது காய்ந்த பிறகு சத்திர சிகிச்சை பார்ப்போம் என்றார்கள். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. வாவியில் தலைகீழாகக் குதித்துக் குளித்துப் பழகிய பிள்ளையிடம் அதைச் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியது. நோவுக்குக் கலங்கியதை நான் பார்த்ததில்லை. பஞ்சில் வாஸ்லின் தடவி அடைத்துக்கொண்டு இப்போது கரையில் இருந்து வாளியால் குளிக்கிறானாம்.

என் முடிச்சு உளுந்தளவுக்குச் சுருங்கிவிட்டது. வெட்டு நோவு மாதத்தில் சில நாள் வருகிறது, மழைக்கு முதல் நாள் அதிகம். சாப்பிடும்போது இடது கண்ணில் நீர் வடிகிறது. வளர்ந்த நரம்பு நார்களில் சில பாதை மாறி உமிழ்நீருக்குப் பதிலாகக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாம். உம்மா அதைப் பார்த்து ஆணத்தில் உறைப்பைக் குறைத்துவிட்டா. அடுத்த கிளினிக் பையனுக்கும் எனக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை விழுந்திருக்கிறது. லீவுப் படிவத்தை அதிபரிடம் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘காது’ என்று எழுதியிருக்கிறேன்.